அரசனை இடித்துரைத்த அருளாளர்

மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோசியாரைக் காணச் செல்வோர் வாயிலில் நின்று அனுமதி வேண்டுதல் இல்லை. எவரும் உட்புகலாம். அங்ஙனம் புகுந்தவருள் ஒருவர், அந்நகரிற் சொல்வன்மை கற்பித்த ஆசிரியரும் பின்னாளில் அர்ச். அகுஸ்தீனார் எனப் போற்றப்பட்டவருமாகிய பெரியார். அவர் கண்ட அம்புரோசியார், உதடும் அசையாது நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் வாய்விட்டுப் படித்த காலம் அது. ஆதலின் அகுஸ்தீனார் வியப்புற்றார். எளிதிற் கம்மிவிடும் குரலைப் பேணுதற்பொருட்டு அவர் அவ்வாறு செய்திருக்கலாம் எனத் தம் வரலாற்று நூலிலே எழுதுகின்றார். கம்மும் இயல்பினதாகிய அக்குரல், பேரரசன் ஒருவன் முன்னிலையில் எவ்வாறு ஒலித்தது என்பதே ஈண்டு நாம் காணப்புகுவது.

அம்புரோசியார் துறவியாக வளர்ந்தவர் அல்லர். 340ஆம் ஆண்டையொட்டித் திரியர் நகரில் உயர்குடியிற் பிறந்து, சட்டம் பயின்று, மிலானைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் ஆளுநரானவர். 374இல் அந்நகர மேற்றிராணியார் இறக்க, ஆரியுஸ் என்பாரின் கொள்கையினர்க்கும் அதனை மறுத்தோர்க்கும் இடையே பூசல் மூண்டது. அமைதி காக்கக் கோவிலுக்குச் சென்ற ஆளுநரையே மேற்றிராணியாராக்குக என ஒரு குழந்தையின் குரல் எழுந்ததென்றும், இரு சாராரும் அதனை ஏற்றனரென்றும், அவர்க்கு எழுத்தராயிருந்து அவர் வரலாற்றை எழுதிய பௌலீனுஸ் கூறுவர். அன்று அவர் ஞானஸ்நானமும் பெற்றிலர்! தப்பியோட முயன்றும் பயனில்லை. ஞானஸ்நானம் பெற்ற எட்டாம் நாளில் மேற்றிராணியாரானார்.

பதவியேற்றதும் தம் பொருளை வறியவர்க்கும் கோவிலுக்கும் ஈந்தார். 378இல் அதிரியானோப்பிளிற் கோத்தியரிடம் உரோமப் படை தோற்றபின், சிறைப்பட்டோரை மீட்கும்பொருட்டுக் கோவிற் பாத்திரங்களையே உருக்கினார். பகைவர் பழித்தனர். பொன்னைக் காப்பதினும் உயிரைக் காப்பதே திருச்சபைக்கு அழகு என்பது அவர் விடை.

386இல், இளம் பேரரசனின் தாய் யுஸ்தீனா, ஆரியுஸ் கொள்கையினர்க்குக் கோவிலொன்றை விடுமாறு கேட்டாள். அவர் மறுத்தார். படைவீரர் வெளியே சூழ, மக்கள் கோவிலுள்ளே இராப்பகலாய்க் காவலிருந்தனர். அவர்கள் சோராதிருத்தற்பொருட்டுக் கீழைத் திருச்சபைகளின் முறைப்படி கீதம் பாடும் வழக்கம் அப்பொழுது தொடங்கிற்று. அவர் கீதங்களின் யாப்பு எளியது: எட்டு அசையால் ஓர் அடி, நான்கு அடியால் ஒரு பாட்டு, எட்டுப் பாட்டால் ஒரு கீதம். புலமை காட்டுதற்கன்றி, மக்கள் வாயில் நிற்றற்கென்றே இயற்றப்பட்டவை அவை. எம்போன்ற பண்டிதர்கள் இதனைச் சிறிது எண்ணுதல் நன்று.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. 388இல், யூப்பிராத்து நதிக்கரையிலுள்ள கல்லினிக்கும் என்னும் ஊரிற் கிறித்தவர் சிலர் யூதரின் தொழுகைக்கூடத்தை எரித்தனர். ஊர் மேற்றிராணியாரே அதனைத் திரும்பக் கட்டித்தருக எனப் பேரரசன் தெயோதோசியுஸ் ஆணையிட்டான். முறையான ஆணை. அம்புரோசியாரோ அதனை எதிர்த்துக் கடிதம் எழுதியதோடு அமையாது, பேரரசன் அதனைக் கைவிடுவதாக வாக்களிக்கும்வரை பூசையைத் தொடங்காது நின்று தம் எண்ணத்தை நிறைவேற்றிக்கொண்டார். அஞ்சாமை என்பது நீதியின் பக்கம் நிற்கும்பொழுதே சால்பாகும். இஃது அவர் வரலாற்றில் நீங்காத கறை என்றே யாம் கருதுகின்றோம்.

ஈராண்டு கழிந்தது. தெசலோனிக்கா நகரில், தேரோட்டி ஒருவனைச் சிறையிட்டது பற்றி எழுந்த கலகத்திற் படைத்தலைவன் புத்தேரிக்கு கொலையுண்டான். சினந்த பேரரசன் பழிவாங்க ஆணை விடுத்தான். பின்னர் மனம்மாறி அதனைத் தடுக்க ஆளனுப்பியும் காலம் கடந்துவிட்டது. ஆடரங்கிற் கூடியிருந்த மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். மாண்டோர் 7,000 பேர் என்பர் தெயோதொரெத்து என்னும் வரலாற்றாசிரியர்.

கோவில் வாயிலில் நின்று மேற்றிராணியார் பேரரசனைக் கைந்நீட்டித் தடுத்தார் என்பது அவ்வாசிரியர் வழி வந்த கதை. ரூபென்ஸ் முதலாய ஓவியர் அதனைத் தீட்டினர். உண்மையில் நிகழ்ந்தது அதனினும் அடக்கமானது. பேரரசன் மிலானுக்கு மீளுமுன் அம்புரோசியார், நோயைக் காரணங்காட்டி நகரை நீங்கினார். ஒரு கடிதம் எழுதினார். பேரரசனன்றிப் பிறர் படித்தலாகாது என்று எழுத்தரிடம் கொடாது தம் கையாலேயே எழுதினார். தாவீது அரசன் தன் பாவத்தை ஏற்றுக்கொண்டதை நினைவூட்டி, அவ்வாறே செய்க என வேண்டினார். நீர் முன்னிற்பின் என்னாற் பூசை செய்தல் இயலாது என்பதையும் தெளிவாய்க் கூறினார். அவையிலே நாணச் செய்யும் சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் குற்றத்தைக் குற்றம் என்னாது விட்டாருமல்லர். கல்லினிக்கும் பற்றிய முன்னைய கடிதத்தையும் இதனையும் ஒருங்கு வைத்துப் படிப்போர், ஒரே மனிதரின் ஆற்றல் இருவேறு துலைத்தட்டுகளில் நிற்பதைக் காண்பர்.

தெயோதோசியுஸ் பணிந்தான். அரச அணிகளைக் களைந்து, கோவிலிலே மக்கள் காணக் கண்ணீர் சொரிந்து மன்னிப்பு வேண்டினான்.

395 ஜனவரியில் அவன் மிலானில் இறந்தான். நாற்பதாம் நாள், அவன் மகன் ஒனோரியுஸ் முன்னிலையில் அம்புரோசியார் இரங்கலுரை நிகழ்த்தினார். முகமன் கூறுவாரினும் இடித்துரைப்பாரையே மதித்தவன் என்று அவனைப் போற்றி, அவனைத் தாம் நேசித்ததையும் சொன்னார். இறுதி மூச்சிலும் அவன் தேடியது தம்மையே என்றும் கூறினார்.