பரணில் கிடந்த பில்லியர்ட்ஸ் கோல்!

திருத்தணி என்றதும் மலைமேல் இருக்கும் முருகன் கோவிலும், அதற்கு ஏறிச் செல்லும் 365 படிகளும் நினைவுக்கு வரும். பில்லியர்ட்ஸ் ஆட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது!

ஆனால், அந்த ஊரில் ஒரு வீட்டுப் பரணில் பழைய பில்லியர்ட்ஸ் கோல் ஒன்று கிடந்தது. அது ஓட்டு வீடு. கோடையில் பரண் அடுப்பு மாதிரி காயும். பல ஆண்டுகளாகக் கோல் அந்தச் சூட்டிலேயே கிடந்தது.

அந்த வீட்டுப் பெரியவர் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். மாலையில் ஊழியர் மன்றத்துக்குப் போய் பில்லியர்ட்ஸ் ஆடுவாராம். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது, கோல் பேரன் கையில் சிக்கியது. பேரன் கல்லூரி மாணவன்.

"தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறேன், பாட்டி" என்று சொல்லி, கடைக்கு ஓடி உப்புத்தாள் வாங்கி வந்தான்.

நல்ல வேளை! கதவைப் பழுது பார்க்க ஒரு தச்சர் வந்திருந்தார். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாபு, அந்தத் தாளைக் கீழே வையுங்கள். தேய்த்த மரம் திரும்பி வராது" என்றார், தெலுங்கு கலந்த தமிழில்.

கருங்காலி

தச்சர் அதுவரை பில்லியர்ட்ஸ் கோலைத் தொட்டதில்லை. ஆனால் மரம் தெரிந்தவர். கையில் வாங்கியதுமே, "அடியில் இருப்பது கருங்காலி" என்று சொல்லிவிட்டார்.

கோலின் நீளம் ஏறக்குறைய 4 அடி 10 அங்குலம். நுனிப்பக்கம் 'ஆஷ்' என்ற வெளிநாட்டு வெள்ளை மரம். அது இலேசானது, வளைந்து கொடுக்கும். கைப்பிடி கருங்காலி. அது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவு கனமானது. அந்தக் கனம் கைப்பக்கம் இருந்தால்தான் கோல் கைக்கு அடங்கும்.

இரண்டு மரத்தையும் இணைத்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! வெள்ளை மரத்தை நாலு பக்கமும் சரிவாக இழைத்து, கருங்காலித் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். கறுப்பு மரம் நாலு நாக்குகளாக வெள்ளை மரத்தின் மேல் ஏறி நிற்கிறது. நாக்கின் நுனி உருண்டையாக இருந்தால் கைவேலை. ஈட்டி போலக் கூராக இருந்தால் எந்திர வேலை. இந்தக் கோலில் உருண்டை!

உயர்ந்த கருங்காலி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. கோலுக்குப் பூசும் பழைய மெருகு அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது. அரக்குக்கும் இந்தியாதான் பேர்போன நாடு. சீமையில் செய்த கோலாக இருந்தாலும் பாதிச் சரக்கு நம் பக்கத்துச் சரக்கு!

ஊட்டியில் எழுதிய விதி

சரக்கு மட்டும் அல்ல. பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடும் 'ஸ்னூக்கர்' ஆட்டமே இந்தியாவில்தான் பிறந்தது. 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி அதைத் தொடங்கி வைத்தார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள்!) அதன் விதிகளை எழுதி, 1882-ல் ஊட்டி கிளப்பில் ஒட்டினார்கள்.

திருத்தணிக் கோலின் கதைக்கு வருவோம்.

தச்சர் முதலில் செய்தது ரொம்பச் சின்ன வேலை. மென்மையான துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோலைத் துடைத்தார். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றினார். துணியில் நீலமும் கறுப்புமாக அழுக்கு வந்தது. நீலம், நுனியில் தடவும் சாக்குத்தூள்.

பிறகு, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தார். மெருகு பிசுபிசுத்தது. "அரக்கு மெருகுதான். சுரண்ட வேண்டாம். பழைய மெருகின் மேலேயே புது மெருகு பிடிக்கும்" என்றார்.

கைப்பிடியில் மட்டும் அவர் மெருகு ஏற்றவில்லை. பெரியவர் கைபட்டுக் கைபட்டு அந்த இடம் வழவழப்பாகி இருந்தது. "அதை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று பாட்டி சொல்லிவிட்டார்.

வெள்ளை மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி தொட்டுத் தேய்த்தார். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயப் போட வேண்டும்.

கோணல்

கோலைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் சிறு கோணல் தெரிந்தது. பரண் சூட்டின் வேலை!

"அனல் காட்டி நிமிர்த்தலாமே?" என்று பேரன் கேட்டான்.

"நிமிரும். ஆனால் ஒட்டு விட்டுப்போனால்?" என்று தச்சர் மறுத்துவிட்டார். கோணல் அப்படியே இருக்கிறது.

"இவ்வளவு பாடு எதற்கு, புதுக்கோல் வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கலாம். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரி சிறுவயதில் கிடைத்த மலிவான கோலை வைத்துக்கொண்டே ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். 2003-ல் விமானப் பயணத்தில் அது முறிந்தது. எத்தனை விலை கொடுத்தாலும் அதே கோல் அவருக்குக் கிடைக்குமா?

தச்சருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. கோல் நுனியில் பித்தளைப் பூண். பூணின் மேல் தோல் வில்லை. பந்தைத் தொடுவது அந்த வில்லைதான். அது காய்ந்து கல்லாகி இருந்தது.

பேரன் கோலைத் துணியில் சுற்றி, சென்னைக்கு ரெயிலில் கொண்டு வந்தான். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்து மார்க்கர், பழைய வில்லையைப் பிளேடால் சீவி எடுத்தார். பூணின் முகத்தைச் சமப்படுத்தினார். புது வில்லையை ஒட்டி, ஓர் இரவு காயவைத்தார். மறுநாள் ஓரத்தைச் சீவி, மேல்பக்கத்தை உருட்டிக் கொடுத்தார்.

அந்தக் கூடத்திலேயே பேரன் முதல் ஆட்டம் ஆடினான். படுதோல்வி!

"கோணல் கோல் என்பதாலா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை சார், கோல் நேராகத்தான் போகிறது" என்று சிரித்தான்.

இப்போது கோல் பரணில் இல்லை. வெயில் படாத கூடத்துச் சுவரில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில், நுனியில் கட்டிய கயிற்றில் நேராகத் தொங்குகிறது.