ஏழு கிலோ விரால்

உள்ளூர் விரால் ஒரு கிலோ தேறினாலே பெரிசு. குருநாகல் மாவட்டத்துத் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்திலோ ஏழு கிலோவில் ஒன்று அகப்பட்டது! தாய்லாந்து, இந்தோனேசியா பக்கத்து ராட்சத விரால் அது. அலங்கார மீனாக நாட்டுக்குள் வந்து, பெருத்ததும் யாரோ தண்ணீரில் விட்டிருக்கலாம் என்பது அதிகாரிகளின் சந்தேகம்.

அங்கே அதற்கு எதிரி கிடையாது. சிறுமீனும் இறாலும் அதற்கு இரையாக, மீனவர்களின் மீன்பாடு குறைந்தது. 2025இல் தூண்டில் போட்டி வைத்தும் அடங்கவில்லை. இப்போது அதைப் பிடித்துக் கருவாடு போடுகிறார்கள், நல்ல யோசனைதான்!

1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தான். ஆனால் அது குளத்து மீனவருக்குச் சோறு போட்டது.

காத்தான்குடி நேயர்களே, தொட்டி மீன் வளர்த்து அலுத்துவிட்டால் வாவியில் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.