ஆடி மேடையில் நா.முத்துக்குமார் பாட்டு: அஞ்சலிக்கும் ராயல்டி உண்டா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஆடி மாசம் வந்தாலே அம்மன் கோயில் திருவிழாவும் மெல்லிசைக் கச்சேரியும்தான். பாடலாசிரியர் நா.முத்துக்குமாரின் நினைவு நாளான ஆகஸ்ட் 14-ம் ஆடியில்தான் வருகிறது. 2016-ல் மறைந்தபோது அவருக்கு வயது 41. 'தங்க மீன்கள்', 'சைவம்' பாடல்களுக்குத் தேசிய விருது பெற்றவர். அவர் பாட்டைப் பறையும் கானா தாளமும் சேர்த்து ஒரு குழு அஞ்சலியாகப் பாடினால்? "மறைந்தவர் பாட்டுக்கு யாருகிட்ட அனுமதி வாங்குறது?"

உரிமை எதுவரை?

பாடலாசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை தொடரும். அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. முத்துக்குமாரின் வரிகளுக்கு 2076 முடியும்வரை.

பணம் யாருக்கு?

சினிமாப் பாட்டின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ போய்விடும். ஆனால், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்பட்டால் ராயல்டியில் எழுதியவருக்கும் சம பங்கு உண்டு என்கிறது 2012 சட்டத் திருத்தம். அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே எழுதித் தர முடியும். ஐபிஆர்எஸ் அப்படி ராயல்டி வசூலிக்கும் சங்கம்.

விலக்கு உண்டா?

மதச் சடங்கு, கல்யாண நிகழ்ச்சிகளில் பாடலாம். டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் மன்றத்தினர் பாடினாலும் சிக்கல் இல்லை. சம்பளம் பேசி வரும் தொழில்முறைக் குழுவுக்கு அமெச்சூர் சலுகை பொருந்தாது.

வரிகளை மாற்றலாமா?

எழுதியவரின் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் வாரிசுகள் வழக்குப் போடலாம்.

கச்சேரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே உரிமம் எடுப்பது யார் என்று பேசிவிட்டால், அஞ்சலி கவிஞர் வீட்டுக்கும் போய்ச் சேரும்.