பழைய கோலத்தில் புதிய வண்டிகள்

பழமையின் சாயலில் செய்யப்பெற்ற புதிய மோட்டார் சைக்கிள்கள் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்து வருகின்றன. அத்தோற்றத்திற்கு நாம் கொடுக்கும் விலை யாது?

1960-களில் மைசூரில் உருவான ஜாவாவின் இருவீச்சு எஞ்சினைக் குளிர்வித்தது காற்றே. சிலிண்டரைச் சுற்றியிருந்த உலோகத் தகடுகள் வெப்பத்தைக் காற்றில் கலக்கச் செய்தன. 2018-இல் அதே பெயரில் வெளிவந்த வண்டியின் 293 சி.சி. எஞ்சினோ நான்கு வீச்சு உடையது. அதன் வெப்பத்தைத் திரவமும் ரேடியேட்டரும் நீக்கிவிடுகின்றன. ஆயினும் தகடுகள் போகவில்லை! அவை பெரும்பாலும் கண்ணுக்கே விருந்து. இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பானவில் வண்டியில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவியைப் பழைய கார்புரேட்டரின் வடிவத்துள் ஒளித்து வைத்தது. இதனை ஏமாற்று என்று நான் கூறமாட்டேன். அழகும் ஒரு பயனே. ஆனால் அதற்கும் விலை உண்டன்றோ?

அவ்விலையை அளக்க 2018-ஆம் ஆண்டே ஒரு வாய்ப்பளித்தது. பழமைக் கோலத்து ஜாவா, டில்லிக் கடை விலையில் 1,64,000 ரூபாய். அதே எஞ்சின் கொண்டு, சற்றே புதுக்கோலம் பூண்ட 'நாற்பத்திரண்டு' 1,55,000 ரூபாய். இடையிலுள்ள 9,000 ரூபாய் ஏறக்குறைய முழுவதும் குரோம் பளபளப்புக்கும் கோலத்துக்குமே உரியது. பதிவு வரியும் காப்பீடும் இவற்றின்மேல் தனி. தந்தையாரிடம் பணம் கேட்பவர் அதனையும் சேர்த்துச் சொல்லுதல் முறை.

பழைய ஜாவாவில் கியர் நெம்புகோலே உதைத்துக் கிளப்பும் நெம்புகோலாகவும் பயன்பட்டது. அந்த நுட்பம் மட்டும் புதிய வண்டிக்கு வரவில்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது.