உமிக்குள் எவ்வளவு நெருப்பு?

நெல் அவிக்கும் ரைஸ்மில்லில் பாய்லருக்குத் தீனி உமிதான். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி விழும். கரும்பாலைகள் சக்கையை எரித்து மின்சாரமே எடுக்கின்றன. பருத்திமார், கடலைத்தொலி, கொட்டாங்குச்சி என்று நம் களத்திலும் கொல்லையிலும் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. எல்லாம் எரியும். ஆனால் எரிகிற எல்லாம் நல்ல எரிபொருள் ஆகிவிடாது. ஆய்வகத்தில் சோதித்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

முதல் சோதனை ஈரம். தூளாக்கிய மாதிரியை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் காயவைத்து மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடை அத்தனையும் தண்ணீர். ஆலையை விட்டு வெளியே வரும் கரும்புச் சக்கையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்! அதில் ஒவ்வொரு கிலோவும் ஆவியாக சுமார் 600 கிலோகலோரியைத் தின்றுவிடும்.

அடுத்தது வெப்ப அளவு. பாம் கலோரிமீட்டர் என்பது தடித்த எஃகுக் குடுவை. ஒரு கிராம் தூளை மாத்திரையாக அழுத்தி அதற்குள் வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, தண்ணீருக்குள் இறக்கி, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுப் பற்றவைப்பார்கள். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதை வைத்துக் கணக்கு. காய்ந்த பருத்திமார் கிலோவுக்கு ஏறத்தாழ 4000 கிலோகலோரி தரும். உமி 3000 முதல் 3500 வரை.

இந்த எண்ணைப் பார்த்தே பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். சாம்பலையும் பார்க்க வேண்டும் என்பேன். எரிந்து வெளுத்த உமி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: சின்னப் படகு போன்ற அதே வடிவம் கலையாமல் இருக்கும். பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்த சிலிக்கா அது. மணலில் இருப்பதும் அதுவே. நூறு கிலோ உமிக்கு 15 முதல் 20 கிலோ சாம்பல் மிஞ்சும். புகையோடு பறக்கும் சாம்பல் பாய்லர் குழாய்களைத் தேய்த்துவிடும்.

வைக்கோலின் தொல்லை வேறு. அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் சீக்கிரம் இளகிக் குழாய்களில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்; குளோரின் இரும்பை அரிக்கும். வைக்கோல் மாட்டுக்கே போகட்டும்.

பருத்திமாரை வயலிலேயே கொளுத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிடுங்கி, நறுக்கி, நன்றாக வெயிலில் காயவைத்து விற்றுப் பாருங்கள். ஈரத்தோடு கொண்டுபோனால் வாங்குகிறவர் தண்ணீருக்கு விலை தரமாட்டார்.