கழிபொருளில் எழுந்த கனவுலகம்

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றின் விளிம்பில் நிற்பவர் காண்பது சுண்ணக் கல்லும் ஆழ்ந்த நீருமே. இராமபிரானின் அம்பு பட்டு எழுந்த ஊற்று இது என ஊரார் சொல்லக் கேட்டபின், அதே கல் வேறொரு தோற்றம் கொள்கின்றது. சிறு வயதில் கேட்ட கதைகளைக் கொண்டு ஓர் உலகையே சமைத்த சிற்பி ஒருவர் இந்தியாவில் வாழ்ந்தார். அவர் பெயர் நேக் சந்த்.

இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் 1924ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அன்னை கூறிய அரசர் கதைகளும் தேவதைக் கதைகளும் அவர் நெஞ்சில் பதிந்தன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை அக்குடும்பத்தைப் பிறந்த மண்ணினின்றும் பெயர்த்தது. பின்னர் சண்டிகர் நகரில் வீதி மேற்பார்வையாளராக அவர் அமர்ந்தார். அப்புதுநகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிபாடுகளில் கிடந்த உடைந்த வளையலும் பீங்கானும் பிறருக்குக் குப்பை. வீடிழந்து வந்த அவருக்கோ அவை மூலப்பொருள்.

சிற்பக் கல்வி எதுவும் பெறாத அவர், 1957 அளவில் இப்பணியைத் தொடங்கினார். வேலை முடிந்தபின் சைக்கிளில் கற்களைச் சுமந்து சென்று, கட்டடம் எழுப்பத் தடையுள்ள காட்டுப் பள்ளமொன்றில் சேர்த்தார். சிமெந்தால் உடலும் வளையல் துண்டுகளால் ஆடையும் அமைந்த மாந்தர் அணியணியாக எழுந்தனர். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இப்பணி மறைவாகவே நடந்தது. அதிகாரிகள் கண்டபோது, சட்டப்படி அனைத்தையும் இடித்திருக்கலாம். ஆனால் மக்கள் திரண்டு வந்து வியந்தனர். 1976இல் அது கற்பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும் உதவியாட்களும் அளிக்கப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. 2015இல் அவர் மறைந்தார்.

அவர் பிறந்த 1924ஆம் ஆண்டிலேயே, கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றெனக் கொண்ட சர்ரியலிசக் கொள்கையைப் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் அறிவித்தார். அதே ஆண்டிற்றான் பெர்டினான்ட் செவால் என்னும் பிரெஞ்சுத் தபாற்காரரும் காலமானார். காலிடறிய ஒரு கல்லின் வடிவில் மயங்கி, முப்பத்து மூன்று ஆண்டுகள் தனியொருவராய்க் கனவு மாளிகை கட்டியவர் அவர். பிரெத்தோன் அவரைத் தம் கொள்கைக்கு முன்னோடியாகப் போற்றினார்.

செவாலும் நேக் சந்தும் எக்கொள்கையையும் கற்றுக் கலைஞரானவரல்லர். கண்ட கனவைக் கைவிட மறுத்ததே அவர்தம் பயிற்சி. கலை பிறப்பதற்குக் கல்லூரி ஒரு வழி. அதுவே ஒரே வழியன்று.