பல் வைத்தியரின் அறையிற் பரிசோதகர்

பல் வைத்தியரின் நாற்காலியிற் சாய்ந்து வாயைத் திறந்தவர் எதனைக் காண்கிறார்? மேலே ஒரு விளக்கு. அருகே கையுறையணிந்த இரு கைகள். தட்டிலே சில கருவிகள். அக்கருவிகள் மின்னலாம். ஆயின் மின்னுவது வேறு, கிருமியற்றிருப்பது வேறு. முன்னர் வந்தவரின் குருதி கண்ணுக்குத் தெரியாத அளவில் குறட்டின் மூட்டிலே ஒட்டியிருந்தால், அதனை நோயாளி அறிய வழியில்லை. சோற்றுக்கடையிலே சோறு பழுதாயிருந்தால் மூக்கே சொல்லிவிடும். இங்கே மூக்கும் உதவாது, கண்ணும் உதவாது. நமக்காக வேறொருவர் பார்த்தேயாக வேண்டும்.

இங்கிலாந்திலே நொட்டிங்காம் பகுதியிற் பணியாற்றிய பல் வைத்தியர் ஒருவர், நோயாளிக்கு நோயாளி கையுறையை மாற்றாமலும் கருவிகளைத் தூய்மை செய்யாமலும் சிகிச்சை அளித்தார் என்ற செய்தி 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேலாக அவரிடம் சென்று வந்த ஏறத்தாழ 22,000 பேரைக் குருதிப் பரிசோதனைக்கு வருமாறு அந்நாட்டுச் சுகாதார சேவை அழைத்தது. ஆபத்து சிறிதே என்றுதான் அதிகாரிகள் கூறினர். எனினும் ஈரலழற்சிக் கிருமியோ எச்.ஐ.வி. கிருமியோ தம் உடலிற் புகுந்திருக்குமோ என்ற ஐயத்துடன் முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவர்களுக்கு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆயினும் இன்று இங்கிலாந்தின் முறையையே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அங்கே பரிசோதகர் கண்டவை அறிக்கையாக வெளியிடப்படுகின்றன. எவரும் எடுத்துப் படிக்கலாம்.

அங்கு இப்பணியைச் செய்வது பராமரிப்புத் தர ஆணைக்குழு என்னும் நிறுவனம். அது 2009இல் தோன்றியது. 2011 முதல் பல் சிகிச்சை நிலையங்களும் அதனிடம் பதிவுபெற வேண்டியவையாயின. பரிசோதகருடன் பெரும்பாலும் பல் வைத்தியத்துறை ஆலோசகர் ஒருவரும் வருவார். பாதுகாப்பு உண்டா, சிகிச்சை பயன்தருகிறதா, பரிவு உண்டா, மக்களின் தேவைக்கு இடங்கொடுக்கிறார்களா, நிர்வாகம் செவ்வனே நடக்கிறதா என ஐந்து கேள்விகள். இவற்றுள் முதலாவதும் இறுதியானதுமே நம் கவனத்துக்கு உரியவை.

பாதுகாப்பு என்றதும் அவர்கள் நேரே செல்வது கருவி கழுவும் இடத்துக்கு. அழுக்கான கருவி ஒரு புறமாக வந்து, தூய கருவி மறுபுறமாகச் செல்ல வேண்டும். இரண்டும் வழியிற் சந்தித்தலாகாது. கழுவிய கருவியை ஒளியூட்டிய உருப்பெருக்குக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்த பின்னரே ஓட்டோகிளேவ் என்னும் கலனில் இடுவர். அதனுள்ளே அமுக்கத்தில் அடைபட்ட நீராவி 134 பாகை செல்சியசில் குறைந்தது மூன்று நிமிடம் நிற்றல் வேண்டும். கலன் சரியாக இயங்குகிறதா என ஒவ்வொரு நாளும் சோதித்துக் குறித்துவைப்பர். பையிலிட்டு மூடிய கருவியின்மேல் திகதி இருக்கும். ஓராண்டு கடந்தும் பயன்படாதிருந்தால் மீண்டும் கிருமி நீக்க வேண்டும்.

அடுத்து, அவசர மருந்துப் பெட்டி. பல் பிடுங்க வந்தவர் மயங்கி விழலாம், மூச்சுத் திணறலாம், இதயமே நின்றுவிடலாம். அதற்காக ஒட்சிசன், அதிரீனலின், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஆகியன ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இங்கே ஒரு சிறு செய்தி. நீரிழிவுக்காரருக்குக் குருதியிற் சர்க்கரை மிகக் குறைந்துவிட்டால் ஏற்றும் குளுக்ககன் என்னும் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் குறிக்க வேண்டும். வெளியே வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் அதன் ஆயுள் பதினெட்டு மாதமாகக் குறுகிவிடும். அப்புதிய திகதியை அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். அறிக்கைகளைப் படிப்போர் இந்தக் குறையைப் பலமுறை காண்பர். மருந்து இருக்கிறது, திகதியைத்தான் எவரும் மாற்றவில்லை. இது சில்லறைக் குற்றம் போலத் தோன்றும். ஊசியை ஏற்றிய பின்னும் ஒருவர் கண்விழியாதிருக்கும் வேளையில் அது சில்லறையாக இராது.

எக்ஸ்கதிர்க் கருவி, தண்ணீர்க் குழாய்களில் வளரும் கிருமி, தீயணைப்பு எனப் பட்டியல் நீளும். அவற்றை விடுத்து நிர்வாகத்துக்கு வருவோம். புதிதாகச் சேர்ந்த தாதியின் முன்னைய ஒழுக்கம் விசாரிக்கப்பட்டதா? பி வகை ஈரலழற்சிக்கான தடுப்பூசி அவருக்குப் பயன் தந்ததா? கைதவறி ஊசி குத்தியபோது அது எழுதப்பட்டதா, எழுதியதைப் படித்து எவரேனும் எதனையேனும் மாற்றினார்களா?

இவையெல்லாம் கடதாசிக் காரியம் என்று சலிப்போர் உண்டு. பாடசாலையிலே வாழ்நாளைக் கழித்த எனக்கு அச்சலிப்பு விளங்காமலில்லை. வித்தியாதரிசி வருகிறார் என்றால் முதல்நாளே முற்றம் பெருக்கப்படும். விடுபட்ட இடாப்புகள் ஓரிரவில் நிறைந்துவிடும். பல் சிகிச்சை நிலையத்துக்கும் பரிசோதகர் பெரும்பாலும் முன்னறிவித்தே வருகிறார். முறைப்பாடு கிடைத்தால் அறிவியாமலும் வருவதுண்டு. ஆனால் ஆறு மாதக் குறிப்பு முழுவதும் ஒரே பேனையால், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தால் அனுபவமுள்ள கண்ணுக்கு அது தெரியாதா?

குறை கண்டால் திருத்துமாறு கட்டளையிடுவர். கடுமையானால் எச்சரிக்கை அறிவித்தல். அதற்கும் மேலானால் பதிவையே நீக்கலாம். பல் சிகிச்சை நிலையங்களுக்குப் புள்ளியோ தரமோ வழங்குவதில்லை. விதி பேணப்பட்டதா இல்லையா என்பதே தீர்ப்பு.

மேற்சொன்ன 2014ஆம் ஆண்டுச் சம்பவம் வெளிவந்தது, உள்ளிருந்த ஒருவர் இரகசியமாகப் படம்பிடித்து முறையிட்டதனாலேயாம். ஒருநாள் வந்து செல்லும் பரிசோதகரின் முன்னிலையிற் கையுறையை மாற்றாதிருக்க எவரும் துணியார். ஆகையினாற்றான் அவர் தாதியரிடமும் வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும் பேசுகிறார். இங்கே தவறொன்றைக் கண்டால் யாரிடம் சொல்வீர்கள். சொன்னால் உங்கள் வேலைக்குத் தீங்கு வருமா? விடை சொல்லுமுன் அத்தாதி கதவின் பக்கம் திரும்பிப் பார்க்கிறாரா என்பதையும் கவனிக்க வேண்டியது பரிசோதகரின் வேலை.